லாபம், ரெண்டு, மூணு

பாவாடை மாமா தன் ஆயுளில் "ஒண்ணு" என்ற சொல்லை ஒரே ஒரு தடவைதான் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். அப்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். என் கையில் ஒரு கயிறு, அதன் மறுமுனையில் அறுபத்து மூன்றரைக் கிலோ இரும்புக் குண்டு. அந்தக் கதையை எழுது எழுது என்று தெருவில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எழுதினால் அதில் என் மானமும் கொஞ்சம் போகும் என்பதால்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

என் பெயர் தேசப்பன். மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய அளத்தெருதான் எனக்கும் ஊர், அவருக்கும் ஊர். அவர் மனைவி தையல்நாயகியை நான் அக்கா என்று கூப்பிடுவதால் அவர் எனக்கு மாமா. ரத்த சம்பந்தம் ஒன்றும் கிடையாது, சுவர் சம்பந்தம்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர்கள் வீட்டுச் சண்டையில் பாதி எனக்கு மனப்பாடம்.

வெளியூர்க்காரர்களுக்கு அவர் பெயரைக் கேட்டதும் சிரிப்பு வரும். சிரித்துவிட்டுப் போகட்டும். எங்கள் பக்கம் பாவாடைராயன் சாமி பெயர். அந்தப் பெயர் வைத்த ஆள்கள் தெருவுக்கு ரெண்டு பேர் இருப்பார்கள்.

உப்பளத்தில் அவருக்கு எண்ணுகிற வேலை. பெண்கள் தலைக்கூடையில் உப்பைச் சுமந்து வந்து லாரியில் கொட்டக் கொட்ட, வரப்பில் நின்று உரக்க எண்ண வேண்டும். எங்கள் ஊரில் பண்டத்தை அளக்கும்போது யாரும் "ஒண்ணு" என்று தொடங்க மாட்டார்கள். அப்படித் தொடங்கினால் அது அந்த ஒன்றோடு நின்றுவிடும் என்று பயம். அதனால் முதல் கூடை "லாபம்", அடுத்தது "ரெண்டு", பிறகு "மூணு". நெல் அளந்தாலும் இதே கணக்குதான். ஆனால் மற்றவர்கள் இதைக் களத்தோடும் அளத்தோடும் விட்டுவிடுவார்கள். மாமா விடவில்லை. அந்த வழக்கத்தை அவர் வீட்டுக்கும், ஆஸ்பத்திரிக்கும், பஸ்ஸுக்கும் தூக்கிக்கொண்டு போனார்.

பஸ்ஸில் ஏறினால், "லாபம் திண்டிவனம் குடுங்க" என்பார். பழைய கண்டக்டர்கள் பேசாமல் ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார்கள். புதுசாக வந்தவர் யாராவது அகப்பட்டால் பஸ்ஸே வேடிக்கை பார்க்கும். ஒரு தடவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா, "எத்தனை நாளா காய்ச்சல்?" என்று கேட்க, இவர் "லாபம் நாளா" என்று சொல்லியிருக்கிறார். காய்ச்சலில் லாபம் பார்க்கும் மனிதரை அந்த அம்மா அதற்கு முன்னால் கண்டதில்லை. மக்கள்தொகை எடுக்க வந்த வாத்தியார், "எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டபோதும் அதே பதில்தான். "அது சரிங்க, எத்தனைன்னு சொல்லுங்க" என்று அவர் பேனாவோடு கால் மணி நேரம் காத்துக்கொண்டிருந்தார். கடைசியில் தையல்நாயகி அக்கா உள்ளேயிருந்து வந்து, "ஒரே பொண்ணுங்க, கட்டிக் குடுத்தாச்சி, எழுதிக்கினு கெளம்புங்க" என்று காப்பாற்றினாள்.

இதையெல்லாம் கிண்டல் செய்யலாம். அவர் எண்ணிக்கையை மட்டும் யாரும் கிண்டல் செய்ய முடியாது. வெளியூர் லாரிக்காரர்கள் மாமா எண்ணினால் மறுபடி எண்ண மாட்டார்கள். இவருக்கும் அதில் தலைகொள்ளாத கர்வம். சாப்பாட்டில் குறை சொன்னால் பொறுத்துக்கொள்வார், பெண்டாட்டி திட்டினால் துண்டை உதறிக்கொண்டு போய்விடுவார். எண்ணிக்கையில் ஒரு கூடை கூடக் குறைய என்று யாராவது சொன்னால் போதும், மனிதர் ஆடிப்போய்விடுவார்.

இனி கரைக்கு வருகிறேன். 2004 டிசம்பரில் கடல் பொங்கியபோது தண்ணீர் பக்கிங்காம் கால்வாய் வழியாக ஏறி எங்கள் தெருவுக்குள் வந்தது. சுவரில் மார்பளவுக்குக் கோடு போட்டுவிட்டுப் போனது. தெருவில் உயிர் எதுவும் போகவில்லை. கடலோரக் குப்பத்தில் போனவர்களை நினைத்தால் எங்கள் கஷ்டத்தைச் சொல்லவே வாய் கூசும். ஆனாலும் முப்பத்திரண்டு வீட்டிலும் அதற்குப் பிறகு கால்வாயில் மீன் துள்ளினாலே ஆள்கள் எழுந்து வெளியே வந்து பார்த்தார்கள்.

அடுத்த வருஷம் மண்கரை போடப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. பன்னிரண்டடி உயரம். எங்கே போடுவது என்பதுதான் கேள்வி. அதற்கு இரண்டு கோடு வரைந்திருந்தார்கள். ஒன்று வெளிக்கோடு. கால்வாயை ஒட்டிப் போகும். அப்படிப் போட்டால் அளத்தெரு கரைக்கு உள்ளே பத்திரமாக இருக்கும். மற்றது உள்கோடு. தெருவுக்குப் பின்னால் ரோட்டுப் பக்கம் இருக்கும் மணல்மேட்டின் மேல் போகும். அப்படிப் போட்டால் ஊர் முழுக்கக் கரைக்கு உள்ளே, நாங்கள் மட்டும் வெளியே. மறுபடி தண்ணீர் வந்தால் கரையில் முட்டி எங்கள் வீட்டிலேயே தங்கிவிடும்.

வெளிக்கோட்டில் ஒரு சிக்கல் இருந்தது. தெருவுக்கும் கால்வாய்க்கும் நடுவில் கிடப்பது உளை. மேலே பார்த்தால் காய்ந்து வெடித்த நல்ல தரை போல இருக்கும். கீழே ஆளை விழுங்குகிற சேறு. ஒரு தடவை என் மாமனாரின் எருமை அதில் வயிறு வரை இறங்கி, அதை இழுக்கப் போன நாங்கள் ஏழு பேரும் இடுப்பு வரை இறங்கினோம். எருமைதான் முதலில் வெளியே வந்தது. இது தெருவில் எல்லோருக்கும் தெரியும். கரை என்றதும் எல்லோருக்கும் மறந்துபோயிற்று.

மண் தாங்குமா என்று பார்க்க 2005 ஆடியில் சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். அவர்களின் இன்ஜினியர் சதீஷ், இருபத்தாறு வயசு இருக்கும், காதில் எப்போதும் செல்போன். வேலை இதுதான். மூன்று கால் வைத்த இரும்புக் கூண்டை நிறுத்துவது, துளை போட்டுக் குழாயை இறக்குவது, கயிற்றில் குண்டை இரண்டரை அடி தூக்கிக் குழாயின் தலையில் விடுவது. குழாயில் ஓரடிக்கு ஒரு சாக்பீஸ் கோடு. ஒரு கோடு மறைய எத்தனை தடவை குண்டு விழுந்தது என்று எண்ண வேண்டும். எண்ணிக்கை கூடக் கூட மண் கெட்டி என்று அர்த்தம்.

தமிழில் இது குழப்பம் பிடித்த வேலை. ஆழமும் அடி, விழுவதும் அடி. "பத்தாவது அடியில ஒரு அடி எறங்க எத்தனை அடி?" என்று சதீஷ் கேட்டபோது கயிறு இழுக்க வந்த நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"எண்றதுக்கு நம்பிக்கையான ஆளு யாராவது இருக்காங்களா?" என்றார் சதீஷ்.

நாலு பேரும் சேர்ந்து ஒரே பக்கம் கையைக் காட்டினோம். அப்படித்தான் மாமா வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் குடை பிடித்து உட்கார்ந்தார். நாங்கள் வெயிலில் குண்டை இழுக்க, அவர் நிழலில் உட்கார்ந்து எங்கள் உழைப்பை எண்ணினார். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க மாட்டேன்.

முதலில் மணல்மேட்டில் போட்டோம். "லாபம், ரெண்டு, மூணு" என்று தொடங்கி இருபத்தாறு, முப்பத்தொன்று வரை போயிற்று. ஒவ்வொரு கோடு முடிந்ததும் சதீஷ், "எவ்ளோங்க?" என்பார், மாமா கடைசி எண்ணைச் சொல்வார், அவர் எழுதிக்கொள்வார். என் உள்ளங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

நாலாம் நாள் உளைக்கு வந்தோம். மேலே காய்ந்த தரையில் ஆறு, ஏழு என்று வந்தது. பத்தடி ஆழத்தில் குண்டைத் தூக்கி விட்டோம். ஒரே ஒரு தடவைதான். கோடு மறைந்து, அதற்கு மேலும் ஒரு சாண் குழாய் உள்ளே போய்விட்டது.

சதீஷ் அப்போது முதுகைத் திருப்பிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். சத்தம் நின்றதும் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "எவ்ளோங்க?" என்றார்.

"லாபம்" என்றார் மாமா. சொல்லிவிட்டு வாளியிலிருந்து எழுந்து கோரைப் புதர் பக்கம் ஒதுங்கப் போனார்.

சதீஷ் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "லாபம்னா இன்னாண்ணா? நல்லதுன்னு சொல்றாரா?"

இங்கேதான் என் மானப்பிரச்சினை. எனக்குத் தெரியும். லாபம் என்றால் ஒன்று, ஒன்று என்றால் சேறு, சேறு என்றால் கரை மணல்மேட்டுக்குப் போய்விடும். வெயில், களைப்பு என்று ஆயிரம் சாக்குச் சொல்லலாம். எதுவும் உண்மை இல்லை. நான் கயிற்றைப் பார்த்துக்கொண்டே, "லாபம்னா நல்லதுதான சார்" என்றேன்.

அவர் 'குட்' என்று எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு மூன்று குழியில் ஒன்பது தடவை லாபம் வந்தது, ஒன்பது தடவையும் குட் விழுந்தது. மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்த 'குட்'டுக்கு வழி சொன்னவன் நான் என்பது அவருக்கு இன்று வரை தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும், நடுச்சுவர் இருக்கவே இருக்கிறது.

ஆவணியில் ரிப்போர்ட் வந்தது. வார்டு மெம்பர் காசிலிங்கம் ஒரு ஜெராக்ஸ் காப்பியை எடுத்துக்கொண்டு ரேஷன் கடை வாசலுக்கு வந்தார். வெளிக்கோட்டில் மண் நன்றாக இருக்கிறதாம், கரை கால்வாயை ஒட்டியே வருமாம். தெருவே ஆளுக்கு ஆள் கையைப் பிடித்துக்கொண்டது. தையல்நாயகி அக்கா வீட்டுக்கு ஓடிப் போய்க் கேசரி கிண்டி எடுத்து வந்தாள்.

மாமா கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு, "மெம்பரே, நான் எண்ணினது அதுல இருக்குதா? உளையில பத்தடிக்கு இன்னா போட்டிருக்குது, படிங்க" என்றார். தன் எண்ணிக்கை அச்சில் வந்திருப்பதைக் கேட்கும் ஆசை.

மெம்பர் விரலை ஓட்டிப் படித்தார். "பத்தடி, முப்பதுக்கு மேல். பதினஞ்சடி, முப்பதுக்கு மேல். இருவதடி, அதுவும் முப்பதுக்கு மேலதான். சூப்பர் மண்ணுய்யா."

சதீஷ் எழுதிய 'குட்'டைப் பார்த்துவிட்டு, நல்ல மண் என்றால் முப்பதுக்குக் குறையாது என்று சென்னை ஆபீசில் யாரோ டைப் அடித்துவிட்டார்கள். மாமாவின் முகத்தைப் பார்த்தேன். கேசரி இலையோடு கீழே விழுந்தது.

"முப்பதா? என் வாயால முப்பதுன்னு நான் சொல்லலியே."

"பின்ன இன்னா சொன்ன?"

"லாபம்னு சொன்னேன்."

"லாபம்னா நல்லதுதானய்யா. அவங்களும் நல்லதுன்னுதான் போட்டிருக்காங்க" என்றார் மெம்பர். கூட்டம் சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. கேசரி எனக்கும் இறங்கவில்லை.

அன்று நடுச்சுவரைத் தாண்டி வந்த சண்டை இப்படி இருந்தது.

"யோவ், முப்பதுன்னு போட்டதால உனக்கு இன்னா கொறைஞ்சி பூடுச்சி? வாயத் தொறந்தியானா கரை மேட்டுக்குப் பூடும். நாம வெளிய நிப்போம். மார்புத்தண்ணியில அரிசிப் பானையைத் தலையில வெச்சிக்கினு நின்னது மறந்துபோச்சா?"

"இருவத்தொம்பது கூடப் போட்டிருக்கான்டி."

"போடட்டும்யா."

"என் எண்ணிக்கையிலடி. நாளைக்குக் கரை முழுகிச்சின்னா, எவன்டா எண்ணினவன்னு கேப்பாங்க இல்ல?"

அவர் நியாயத்துக்காகக் கொதித்தார் என்று சொன்னால் அது பொய். அவருக்கு அந்த இருபத்தொன்பதுதான் நெஞ்சில் குத்தியது. ஆனால் அவர் சொன்ன கடைசி வார்த்தை எனக்குக் குத்தியது. உளைமேல் பன்னிரண்டடி மண்ணைக் கொட்டினால் அது ஒரு பெருமழையில் உள்ளே இறங்கத்தான் போகிறது. கரை இருக்கிறது என்ற தைரியத்தில் நாங்கள் அதன் காலடியில் படுத்திருப்போம். என் பிள்ளைகளும்தான். அந்தக் கரையை அங்கே வரவைத்தவன் நான். எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

பத்து நாள் கழித்துக் கோட்டில் முளைக்குச்சி அடிக்க ஆள்கள் வந்தார்கள். கம்பெனியின் பெரிய இன்ஜினியரும் வந்திருந்தார். மலர்கொடி என்று பெயர், ஐம்பது வயசு இருக்கும். புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ, முகத்தில் சிரிப்பு என்பதே இல்லை. மாமா நேராக அவரிடம் போய் நின்றார். தெருவே பின்னால் ஓடியது.

"மேடம், அந்த முப்பது என்னுது இல்லிங்க."

"நீங்க யாரு?"

"எண்ணினவன்."

மலர்கொடி மேடம் ஜீப்பிலிருந்து சதீஷ் ஆடியில் எழுதிய நோட்டை எடுத்துப் புரட்டினார். சதீஷைக் கூப்பிட்டார். "இங்க நம்பர்தானே எழுதணும்? குட்னு எழுதியிருக்கே?"

"அவரு லாபம்னு சொன்னாரு மேடம்" என்றார் சதீஷ். நான் சட்டென்று கூட்டத்தில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் போனேன்.

"லாபம்னா எவ்ளோங்க?" என்று மேடம் மாமாவைக் கேட்டார்.

இப்போது மாட்டிக்கொண்டார் மாமா. அதை விளக்க வேண்டுமென்றால் அந்தச் சொல்லைச் சொல்லியாக வேண்டும். அந்தச் சொல் அவர் வாயில் வராது.

"லாபம்னா லாபந்தாங்க. ரெண்டுக்கு முன்னாடி வருது பாருங்க, அது" என்றார். மேடத்துக்குப் புரியவில்லை. மாமா ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினார்.

சதீஷ் உதவி செய்கிறேன் என்று, "அதுக்கு எதுக்குங்க பர்மிஷன்? அந்தப் பொதர் பக்கம் போயிட்டு வாங்க" என்றார்.

தெருவே குலுங்கிச் சிரித்தது. மாமா தூக்கிய விரலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தவர், "நாளைக்கு மிஷினை இங்க எறக்குங்க. அதே எடத்துல, அதே ஆழத்துல, என் முன்னாடி போடுங்க" என்றார்.

மறுநாள் அளத்துக்கு யாரும் வேலைக்குப் போகவில்லை. பத்தடிக்குத் துளை போட்டுக் குழாயை இறக்கினோம். நாலு பேரும் குண்டைத் தூக்கினோம். என் ஜென்மத்தில் அன்றைக்குப் போல மண் கெட்டியாக இருக்க வேண்டும் என்று எந்தச் சாமியையும் வேண்டிக்கொண்டதில்லை. விட்டோம். கோடு மறைந்தது. குழாய் இன்னும் ஒரு சாண் போய்த்தான் நின்றது.

"எவ்ளோ?" என்றார் மேடம்.

மாமா விரலைத் தூக்கினார்.

"வெரலை நோட்டுல எழுத முடியாது. எண்றவரு வாயால நம்பர் சொல்லணும், அதைக் கேட்டு இவரு எழுதணும். அதான் மொறை."

மாமா தையல்நாயகி அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். கரைக்காக மட்டும் இல்லை. அந்தச் சொல்லைச் சொன்னால் எல்லாம் அதோடு நின்றுவிடும் என்ற பயம் அவளுக்கும் உண்டு. மாமாவின் வாய் "லா" என்று திறந்து மூடியது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு" என்றார்.

சதீஷ் எழுதிக்கொண்டார். தையல்நாயகி அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். பின்னாலேயே ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். மாமா வாளிமேல் தனியாக உட்கார்ந்திருந்தார், குடையை விரிக்காமல். நான் போய்ப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. கயிற்றைச் சுருட்டுவது போலப் பாவனை செய்துகொண்டிருந்தேன்.

ஒரு வாரம் தெருவில் அவரோடு யாரும் பேசவில்லை. டீக்கடையில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் வேறு ஆள் உட்காரவில்லை. பிறகு மேடமே மறுபடி வந்து ரேஷன் கடை வாசலில் கூட்டம் போட்டார். மெம்பர் நாற்காலி போட்டார், அவர் உட்காரவில்லை.

"மண்ணு ஒண்ணுன்னு தெரிஞ்சதால ஒரு வழி இருக்குது. முப்பதுன்னு நெனைச்சிக் கட்டியிருந்தா எல்லாம் கால்வாய்க்குள்ள போயிருக்கும்" என்று ஆரம்பித்தார். வெளிக்கோட்டிலேயே போடலாம். ஆனால் ஒரே மூச்சில் பன்னிரண்டடி முடியாது. முதலில் ஆறடி. அடியில் நல்ல அகலம் வேண்டும், அதற்குத் தெருவில் வீட்டுக்கு இருபதடி பின்பக்கம் விட வேண்டும். சேற்றில் வரிசையாகத் துளை போட்டு மணலை நிரப்புவார்கள். மேலே பாரம் ஏறினால் சேற்றுத் தண்ணீர் அந்த மணல் வழியாக வெளியேறும், சேறு மெல்லக் கெட்டிப்படும். "அடுத்த வருஷ மழைக்கு முன்னாடி மறுபடி குண்டு போட்டுப் பாப்போம். பத்தடியில மூணு வந்தா மீதி ஆறடி போடலாம். வரலைன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன். கரை அந்த ஆறடியோட நின்னுடும்."

ஆறடிக் கரை எங்களுக்குப் போதாது. டிசம்பர் தண்ணீர் கால்வாய் ஓரத்தில் எட்டடிக்கு வந்தது. மூன்று வந்தாக வேண்டும்.

வீட்டுக்கு இருபதடி என்றதும் தெருவே தன் கொல்லையைக் கணக்குப் போட்டது. தையல்நாயகி அக்காவின் பின்பக்கத்தில் ஒரு முருங்கை இருந்தது. அதன் காயை என் வீட்டுக்குக்கூட எண்ணித்தான் கொடுப்பாள். அவள்தான் முதலில் எழுந்தாள். "எங்கூட்டு முருங்கையை வெட்டிக்கங்க. அந்த மனுசன் ஒண்ணுன்னு சொல்லித் தொலைச்சிட்டாரு. அது மூணாவறதுக்கு நாமதான வழி பண்ணணும்" என்றாள். திட்டிக்கொண்டேதான் சொன்னாள்.

2006 மாசியில் வேலை தொடங்கியது. ஆறடிக் கரை எழும்பியது. உளையின் மேல் ஒரு தகட்டை வைத்து, அதிலிருந்து ஒரு கம்பியைக் கரைக்கு மேலே நீட்டியிருந்தார்கள். கரை எவ்வளவு இறங்குகிறது என்பதை அந்தக் கம்பியில் பார்க்க வேண்டும். வாராவாரம் பார்த்துச் சொல்லும் வேலை மாமாவுக்கு. சித்திரைக்குள் ஒரு முழம் இறங்கிவிட்டது. தெரு பதறிப்போய் அவரை மறுபடி திட்டத் தொடங்கியது. இறங்கினால்தான் கெட்டிப்படும் என்று மேடம் சொன்னதை அவர் எல்லோருக்கும் சொல்லிப் பார்த்தார். தன் பெண்டாட்டிக்கே புரியவைக்க முடியவில்லை.

இன்னொன்றும் நடந்தது. அன்று அந்தச் சொல்லைச் சொன்னதிலிருந்து மாமா "லாபம்" என்று சொல்வதை நிறுத்திவிட்டார். அளத்தில் முதல் கூடை விழும்போது வாயை மூடிக்கொண்டு நிற்பார், இரண்டாவதுக்குத்தான் "ரெண்டு" என்று குரல் வரும். பஸ்ஸில் "திண்டிவனம்" என்று மட்டும் சொல்லி விரலைக் காட்டினார். அவர் எண்ணிக்கை தப்பவில்லை, ஆனால் கேட்க நன்றாக இல்லை. எத்தனையோ நாள் நான் கேலி செய்த வார்த்தைதான். அது இல்லாமல் அளமே வெறிச்சோடியிருந்தது.

புரட்டாசி பிறந்த வாரம் மிஷின் கரைமேல் ஏறியது. மேடம் வந்தார். சதீஷ் நோட்டோடு வந்தார், போனை ஜீப்பிலேயே வைத்துவிட்டு. மாமா அதே வாளியைக் கவிழ்த்தார். கரையைத் துளைத்து, பழைய தரையைத் துளைத்து, அதற்குக் கீழே பத்தடிக்குக் குழாயை இறக்கினோம். முப்பத்திரண்டு வீடும் கரைமேல் நின்றது. சாக்பீஸ் கோட்டை நான் என் கையாலேயே போட்டேன்.

தூக்கினோம். விட்டோம்.

குழாய் இறங்கியது. மூன்று விரல் அளவு இறங்கி, நின்றது. கோடு அப்படியே வெளியே தெரிந்தது.

மாமா கோட்டைப் பார்த்தார். குனிந்து கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, ஒரு வருஷமாக உள்ளே வைத்திருந்த குரலில், கால்வாய்க்கு அந்தப் பக்கம் வரை கேட்கும்படி சொன்னார்.

"லாபம்."

தூக்கினோம். "ரெண்டு." கோடு இன்னும் வெளியேதான் இருந்தது. தூக்கினோம். "மூணு." கோடு தரையைத் தொடவில்லை. தெருவில் யாரோ அழத் தொடங்கினார்கள். நான்தான் என்று பிறகு சொன்னார்கள். இன்னொரு தடவை தூக்கினோம்.

"நாலு." கோடு மறைந்தது.

"எவ்ளோங்க?" என்று கேட்டார் சதீஷ், பக்கத்திலேயே நின்றுகொண்டு.

"நாலு. நல்லாக் கேட்டு எழுதுங்க சார். முப்பது இல்ல."

மேடம் கையெழுத்துப் போட்டார். தையல்நாயகி அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து வாளிக்கு எதிரே நின்றாள்.

"யோவ், மொதல்ல சொன்ன லாபத்தையும் சேத்துதான நாலு?"

"சேத்துதான்டி."

"அப்பச் சரி" என்றவள், வெட்டிய முருங்கையிலிருந்து தொட்டியில் பதியம் போட்டு வைத்திருந்த கொம்பை எங்கே நடுவதென்று பார்க்க, கரைக்கு உள்பக்கமாக இறங்கிப் போனாள்.